வாசல் நாற்காலியைப் புதுப்பிக்க: பெயிண்ட் டப்பாவைக் கடைசியாகத் திறவுங்கள்

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) நுழைந்தாலும் வாசலில் ஒரு நாற்காலியாவது வெயிலிலும் மழையிலும் கிடக்கும். தோட்டத்து லயத்தைக் காலி செய்து வந்தபோது லாரியில் ஏற்றிய பெஞ்சு, தாத்தா பேப்பர் படித்த சாய்வு நாற்காலி, யாரும் ஆடாத இரும்பு ஊஞ்சல், ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டிக் நாற்காலிகள். தீபாவளி நெருங்கினால் இவற்றின் மேல் நம் கண் விழும். ஒரு டப்பா எனாமல் வாங்கி, அழுக்கு, பாசி, துரு எல்லாவற்றுக்கும் மேலேயே ஒரு பூச்சு அடிப்போம். பொங்கலுக்குள் அது அப்பளமாக உரிந்து வரும்.

மணல்தாளை இதுவரை கையில் எடுக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருங்கள்: இந்தப் பொருளில் தண்ணீர் எங்கே நிற்கிறது? வெயில் மரத்தின் மேல்தோலை வெளுக்க வைக்கும், பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும். ஆனால் நம் ஊர் பெஞ்சுக்கும் இரும்பு நாற்காலிக்கும் முதல் எதிரி தேங்கி நிற்கும் ஈரம். அது நிற்கும் இடத்தைச் சரி செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் வீண் செலவுதான்.

நாள் பார்ப்பது

தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். பேராக்கில் மழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். பெருநாளுக்கு முந்தைய வாரம் வேலையை ஆரம்பித்தால் எதுவும் காயாது, விருந்தாளியின் வேட்டியில் ஒட்டும். ஜூன், ஜூலையில் முடித்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் தைப்பூசத்தை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரி பரவாயில்லை. அப்போதும் மழை வரும், ஆனால் இடையில் காய்வதற்கு நாள் கிடைக்கும்.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் இருக்கிறது. காலைப் பனி உலர்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்குப் பிரஷைத் தொடுங்கள். பகல் ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் மத்தியான மழை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். நேர் வெயிலில் சுடும் மரத்தில் பூசாதீர்கள். மேல் ஏடு சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், பிறகு கொப்புளம் போடும். மாலையில் பூசுவதும் வேண்டாம். மழை விட்ட மாலையில் வாசல் விளக்கைப் போட்டால் ஈசல் கூட்டம் வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்து எடுப்பதைவிட மறுபடி தேய்ப்பது சுலபம்.

கவிழ்த்துப் பாருங்கள்

எந்தப் பொருளாக இருந்தாலும் முதல் வேலை அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. மேலே பளபளவென்று இருக்கும் பெஞ்சின் கால் நுனி கீழே கூழாகிக் கிடக்கும். ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கால் நுனியிலும், கால் பலகையோடு சேரும் இடத்திலும் குத்திப் பாருங்கள். நுனி மட்டும் லேசாக இறங்கினால் பிழைக்கும். வெண்ணெயில் குத்தியது மாதிரி உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். கீழே மாவு போல் மெல்லிய தூள் கொட்டியிருந்தால் வண்டு அரிக்கிறது. மண் பூசிய கோடு காலில் ஏறியிருந்தால் கரையான். அந்தப் பொருளை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அடுத்த யோசனை.

என்ன மரம் என்பதும் தெரிய வேண்டும். செங்கால், பாலாவ் போன்ற கெட்டி மரம் என்றால் தூக்கும்போதே கை சொல்லிவிடும், அவ்வளவு கனம். இவை மழையைத் தாங்கும். மேலே கறுத்து வெடித்திருந்தாலும் உள்ளே இரும்பு மாதிரி இருக்கும், எவ்வளவு உழைப்புப் போட்டாலும் தகும். மெரந்தி லேசானது, கூரைக்கு அடியில் வைத்தால் நெடுநாள் வரும். பால்மரப் பலகை வேறு கதை. 1877-ல் கோலா கங்சாரில் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம், உயிரோடு நிற்கும் மரத்துக்கு அது சரி. வெட்டிய பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூஞ்சாணத்துக்கும் வண்டுக்கும் அது விருந்து. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்த மரங்களை வெட்டி, மருந்தேற்றிக் காயவைத்துச் செய்யும் மேசை நாற்காலிகள் எல்லாம் வீட்டுக்குள் வைப்பதற்கானவை. அப்படி ஒன்று உங்கள் வாசலில் மழையில் நனைகிறது என்றால், பெயிண்ட் வாங்கும் முன் அதற்கு உள்ளே ஓர் இடம் பாருங்கள்.

மர பெஞ்சு: நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை

கழுவுவதில் தொடங்குங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நார் பிரஷ். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். கார் கழுவும் வாட்டர் ஜெட் வேண்டாம், அது நாரைக் கிளப்பிவிடும், பிறகு அதை வழவழப்பாக்க உங்கள் தோள்பட்டைதான் கழன்று போகும். கறுப்புப் புள்ளி போகவில்லை என்றால் ஒரு பங்கு கிளோராக்ஸுக்கு (துணி வெளுக்கும் பிளீச்) பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாக அலசுங்கள். கையுறை போடுங்கள். கிளோராக்ஸோடு வினிகரையோ கழிவறை கழுவும் திரவத்தையோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அப்புறம் காயவிடுங்கள். புதியவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். காற்றோட்டமான நிழலில், கால்கள் தரையில் படாமல், மேலே பார்த்தபடி கவிழ்த்து வையுங்கள். மழையில்லாத மூன்று நாளாவது வேண்டும், செங்கால் மாதிரி தடித்த மரத்துக்கு ஒரு வாரம்கூட ஆகும். காய்ந்ததா என்பதை மணல்தாளே சொல்லும். ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். தூள் உதிர்ந்து பறந்தால் காய்ந்துவிட்டது, தாளில் களியாக அப்பிக்கொண்டால் இன்னும் இல்லை.

காய்ந்த பிறகு பழுது பார்க்கலாம். கால் நுனி அரை அங்குலம் முக்கால் அங்குலம் உளுத்திருந்தால் ஒட்டு வேலையெல்லாம் வேண்டாம், நான்கு கால்களையும் ஒரே அளவுக்கு அறுத்துவிடுங்கள். பெஞ்சு ஓர் அங்குலம் தாழ்ந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்கு மேல் உளுத்திருந்தால் ஊரில் உள்ள ஆசாரியிடம் கொடுத்து ஒட்டுக்கால் போடச் சொல்லுங்கள். முதல் தடவையே அதை நீங்களாகச் செய்யப் பார்க்காதீர்கள். ஆடும் இணைப்புகளைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, நீரைத் தாங்கும் மரப்பசையோ இரண்டு குழாயில் வரும் எப்பாக்சியோ வைத்து, கயிறு கட்டி முறுக்கி ஓர் இரவு விடுங்கள். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை மழைக்கு நிற்காது. ஆணியை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போடுங்கள். சாதாரண இரும்பு ஆணி ஈர மரத்தில் கறுப்புக் கறை விடும். கெட்டி மரத்தில் ஸ்குரூ ஏற்றும் முன் டிரில்லால் சின்னத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும் அல்லது ஸ்குரூ தலை முறிந்து கையில் வரும்.

இனி தேய்ப்பு. மணல்தாள் எண் 80-ல் ஆரம்பித்து, 120, அப்புறம் 180. அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் வழவழப்பாக்கினால் எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்காது. சாம்பல் நிறமாகிப் போன மரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அந்தச் சாம்பல் தோல் மிக மெல்லியது, 80-க்கே போய்விடும். பெஞ்சில் பழைய பெயிண்ட் இருந்தால் மட்டும் கவனம். அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். நீர் போட்டுத் தேய்க்கும் தாளால் ஈரமாகத் தேய்த்து, கீழே விரித்த பிளாஸ்டிக்கில் விழுவதைச் சுருட்டிக் கட்டிப் போடுங்கள். முகமூடி கட்டாயம். பிள்ளைகளும் கோழிகளும் பக்கத்தில் வர வேண்டாம்.

பூச்சு எது என்பதில் ஆளுக்கொரு கருத்து. என் கருத்து: முழு வெயிலில் கிடக்கும் பெஞ்சுக்குப் பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். அது ஏடு மாதிரி மேலே நிற்கும். ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் அடியில் சிக்கிக்கொள்ளும், பிறகு திட்டுத் திட்டாக உரியும். அடுத்த வருடம் முழுதும் சுரண்ட வேண்டும். அதைவிட, மரத்துக்குள் இறங்கும் நிறச் சாயமோ, வெளிப்புற மரத்துக்கென்று விற்கும் எண்ணெயோ நல்லது. அது உரியாது, மங்கும். மங்கினால் கழுவிக் காயவைத்து மேலே ஒரு பூச்சு போட்டால் போதும். கூரைக்கு அடியில் இருக்கும் பெஞ்சுக்கு வார்னிஷ் சரிதான். ஆனால் கடையில் ‘ஷெலேக்’ என்று பொதுவாகக் கேட்டால் வீட்டுக்குள் பூசுவதைக்கூட எடுத்துத் தந்துவிடுவார்கள். வெளிப்புறத்துக்கு என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

செம்பனை நாட்டில் இருந்துகொண்டு இதையும் சொல்லாமல் விட முடியாது: சமையல் எண்ணெயைப் பூசலாமே என்று கட்டாயம் ஒரு சித்தப்பா சொல்வார். பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் காயாத எண்ணெய்கள். மரத்தில் பிசுபிசுத்து நிற்கும், தூசி ஒட்டும், பூஞ்சாணம் வரும். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை வேலிக் கம்பத்துக்குப் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். உட்காரும் பெஞ்சுக்கு அது ஆகாது, உடம்புக்குக் கேடு, துணியிலும் கறை.

பூசும்போது மெல்லியதாக இரண்டு தடவை. துணியால் தடவி, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டு, அல்லது தண்ணீரில் முக்கிய பிறகு வீசுங்கள்.

கால் நுனியை மறக்காதீர்கள். மரம் தண்ணீரை அதிகமாக உறிஞ்சுவது வெட்டுவாயில்தான், பெஞ்சின் கால் முடிவது அந்த வெட்டுவாயில். நான்கு சின்ன டப்பா மூடிகளில் நீர்க்க கலந்த அதே பூச்சை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு காலை ஓர் இரவு நிற்க வையுங்கள். அது எவ்வளவு குடிக்கிறது என்று காலையில் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு காலுக்கும் அடியில் உடைந்த தரை ஓட்டுத் துண்டு ஒன்றைப் போடுங்கள். மண்ணில் நேராக நிற்கும் காலுக்கு எந்தப் பூச்சும் காவல் இல்லை.

இரும்பு நாற்காலி, ஊஞ்சல்

வாசலில் இருக்கும் இரும்புச் சாமான்களில் பெரும்பாலானவை உள்ளே வெற்றாக இருக்கும் குழாய். ஒட்டு வைத்த இடத்து ஓட்டை வழியாக மழைநீர் உள்ளே இறங்கி, கால் நுனியில் மாட்டிய ரப்பர் மூடிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே முதலில் ரப்பர் மூடிகளைக் கழற்றுங்கள். உள்ளே இருந்து சிவப்புத் தண்ணீர் வடிந்தால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். குழாய் நசுங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ பெயிண்ட் அடித்துப் பயனில்லை, வெல்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள். அதுவும் தேறாது என்றால், ‘சுராட் கபார் லாமா’ (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் லாரிக்குப் பழைய இரும்பாகப் போட்டு நாலு வெள்ளி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேறும் நாற்காலிக்கு: கம்பி பிரஷால் உதிரும் துருவைத் தட்டி, 80 மணல்தாளால் தேயுங்கள். இரும்பு முழுக்க வெள்ளி போல் மின்ன வேண்டியதில்லை, உதிரக்கூடியது எல்லாம் போனால் போதும். குழிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் துருவுக்குத் துரு மாற்றித் திரவம் கடையில் கிடைக்கும், தடவினால் கறுப்பாக மாறி நின்றுவிடும். தோட்டத்தில் ரப்பர் பால் உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தில் தோய்த்தால் துரு போகும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அமிலம் துருவைத் தின்னும்தான், உங்கள் தோலையும் கண்ணையும் சேர்த்து. வேண்டாம்.

தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பூசிவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் மறுநாள் காலையிலேயே புதுத்துரு மஞ்சளாகப் படர்ந்திருக்கும். சாதாரண இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் செய்த ஊஞ்சல் என்றால் கடையில் சொல்லி அதற்கென்று உள்ள பிரைமர் வாங்குங்கள். துத்தநாகப் பூச்சின் மேல் எண்ணெய் எனாமலை நேரடியாகப் பூசினால் இரண்டும் சேர்ந்து வினைபுரிந்து அடியில் சவர்க்காரம் மாதிரி ஒரு படலம் உண்டாகும், பெயிண்ட் தோலாகக் கழன்று வரும். பிறகு எனாமல், மெல்லியதாக இரண்டு பூச்சு. வலைப்பின்னல் போட்ட நாற்காலிக்கு மட்டும் ஸ்பிரே டப்பா, ஓர் அடி தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். கடைசியாக ஒவ்வொரு கால் குழாயின் அடியிலும், புது ரப்பர் மூடியிலும், தண்ணீர் வெளியேறச் சின்னத் துளை போடுங்கள்.

ஊஞ்சலுக்கு ஒன்று கூடுதல்: சங்கிலியும் கொக்கியும் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதில் பேரம் வேண்டாம்.

கயிறு சுற்றிய சாய்வு நாற்காலி

இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் கயிறு வரிசையாக இழுத்துக் கட்டிய நாற்காலி. எனக்குக் கேட்டால் புதியவர்களுக்கு இதைவிட மனநிறைவு தரும் வேலை இல்லை. கயிறு அறுந்தவுடன் தூக்கிப் போடுகிறார்கள், சட்டம் இன்னும் இருபது வருடம் உழைக்கும்.

கயிற்றை அறுக்கும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், முடிச்சு போட்ட இடம். பிறகு அறுத்து, ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். ‘கெருசி மாலாஸ்’ (சாய்வு நாற்காலி) கயிறு என்றால் எடுத்துக் காட்டுவார்கள், தடிமன் மட்டும் சரிபாருங்கள். அறுத்த கயிறுகளின் நீளத்தைக் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் தாராளமாக வாங்குங்கள். சட்டத்தை மேலே சொன்னபடி துரு எடுத்துப் பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே சுற்ற வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பெயிண்டைக் கயிறு உரித்துவிடும்.

கயிற்றை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். முதல் முடிச்சைச் சட்டத்தின் அடிப்பக்கம் போட்டு, மேலும் கீழுமாகச் சுற்றி இழுங்கள். ஒருவர் இழுக்க, இன்னொருவர் முந்தைய சுற்று நழுவாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், எல்லாம் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகவே இறுக்குங்கள், உட்கார உட்காரத் தளரும்.

மற்றவை

சிமெண்டு மேசை, கல் பெஞ்சு: கோயில் வாசலிலும் தாமான் முனையிலும் இருக்கும் அதே வகை. பாசிக்குக் கிளோராக்ஸ் கலவையும் தடித்த பிரஷும் போதும். அமிலம் ஊற்றாதீர்கள், சிமெண்டையும் அதில் பதித்த சலவைக்கல் சில்லுகளையும் அரித்துச் சொரசொரப்பாக்கும், அடுத்த பாசிக்கு இன்னும் வசதி. உடைந்த ஓரத்துக்கு வெள்ளை சிமெண்டு.

பிளாஸ்டிக் நாற்காலி: கை வைத்தால் வெள்ளைத் தூள் ஒட்டினால் வெயில் அதன் மேல்தோலைத் தின்றுவிட்டது. கழுவி, 400 தாளால் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் பார்வைக்குத் தேறும். இந்த வகை பிளாஸ்டிக்கில் சாதாரண பெயிண்ட் ஒட்டாது, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் இல்லாமல் முயல வேண்டாம். காலிலோ முதுகிலோ வெடிப்பு இருந்தால் பசை, கம்பி எதுவும் வேண்டாம். அது முறிவது பெரும்பாலும் பெரியவர்கள் உட்காரும்போதுதான். வீசிவிடுங்கள்.

ரோத்தான் (பிரம்பு) நாற்காலி மழைக்கு ஆகாது. கூரைக்கு அடியில் உள்ள ஐந்தடி நடைபாதைக்குள் தள்ளி வையுங்கள். தொய்ந்த பின்னலை வெந்நீரில் நனைத்த துணியால் அடிப்பக்கமிருந்து ஒற்றி, நிழலில் காயவிட்டால் ஓரளவு இறுகும். மெத்தை, தலையணை எல்லாம் வாசலுக்கு வேண்டாம் என்பேன், நம் ஈரத்தில் இரண்டு மாதத்தில் நாறும்.

முடித்த பிறகு

வேலை முடிந்த நாற்காலியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் அங்கே ஒரு துளை போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கைப் பள்ளத்துக்கும் ஆறு மில்லிமீட்டர் துளை போதும், துளையைச் சுற்றி வெடிக்காமல் மெதுவாக டிரில் செய்யுங்கள். இது நாற்காலிக்காக மட்டும் சொல்வதில்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக ஒரு வாரம் பத்து நாள் தேங்கிய நீர் போதும். வாசலில் கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் 500 வெள்ளி வரை அபராதச் சீட்டு தரலாம். ஒரு துளை அதைவிட மலிவு.

மிச்சப் பெயிண்டைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். டப்பா வாய் ஓரத்தைத் துடைத்து, மூடியை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, எந்தச் சாமானுக்குப் பூசியது, எந்த மாதம் என்று மார்க்கரால் மேலே எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சாமான்களைக் கவிழ்த்துக் கால் நுனியைப் பாருங்கள். கீறல் தெரிந்த இடத்தில் அந்த டப்பாவிலிருந்தே ஒரு தொடு தொட்டுவிட்டால் மறுபடி முழு வேலையும் செய்ய வேண்டி வராது.